தார் பாலைவன மணல்மேட்டுக்கு வண்டியில குரூப்பா போறப்ப வர்ற கோளாறுங்க, எது வந்தா எங்க பாக்கணும்

வருஷா வருஷம் டிசம்பர் கடைசியில வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சின்னு கேரளா எல்லையோரத்து பக்கத்து பக்கத்து ஊர்க்காரங்க சேந்து ராஜஸ்தானுக்கு வண்டி எடுத்துட்டு போறோம். ஜெய்சல்மேர் தாண்டி சாம்ங்கற ஊர் பக்கத்து மணலுக்கு, போக மட்டுமே ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. நான் அபுதாபியில 11 வருஷம் இருந்தவன், லீவு நாளானா அங்க லீவாங்கற ஊர் பக்கத்து மணல்லதான் கெடப்பேன், அத தெரிஞ்சுகிட்டு "அண்ணா நீங்களே முன்னாடி போயிருங்க"ன்னு பொறுப்ப என் தலையில கட்டிட்டாங்க. அப்பறம் பாத்தா ஒவ்வொரு வருஷமும் அதே கோளாறு, அதே கேள்வி, ராத்திரி பத்து மணிக்கு போன். அதான் ஒரேடியா எழுதி வெச்சர்றேன், உங்க வண்டிக்கு என்ன ஆகுதோ அத தேடி படிச்சுக்கங்க.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிர்றேனுங்க. மணல்ல சிக்கி நிக்கறது ஒரு வண்டிதான், ஆனா தப்பு பெரும்பாலும் அதுக்கு முன்னாடி போன வண்டியில இருக்கும், இல்லைன்னா மொத நாள் சாயங்காலம் நாம பேசாம விட்டதுல இருக்கும். அதனால சிக்குனவன புடிச்சு திட்டாதீங்க.

வாட்ஸப்ல 23 பேரு ஓகே போட்டாங்க, அட்வான்ஸ் கேட்டா ஆளையே காணோம்

இது கோளாறே இல்லைங்க, இதுதான் வழக்கம். அக்டோபர்லயே அட்வான்ஸ் வாங்கிருங்க, குடுத்தவங்கள மட்டும் வெச்சு தனி குரூப் ஆரம்பிங்க. வண்டி ஆறு வரைக்கும்னா ஒரே வரிசையா போகலாம். அதுக்கு மேல போச்சுன்னா ரெண்டா பிரிச்சு ரெண்டுக்கும் தனித்தனியா முன்னாடி போற ஆள், பின்னாடி வர்ற ஆள் போட்டுருங்க. பத்து வண்டிய ஒரே கயித்துல கட்டின மாதிரி கூட்டிட்டு போனா நாள் பூரா நின்னு நின்னுதான் போவீங்க.

பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர் சிக்கிக்கறாங்க

காத்து. வேற எதையும் பாக்காதீங்க, எறங்கி போயி நாலு டயர்லயும் கேஜ் வெச்சு பாருங்க. ரோட்டுல 32 பிஎஸ்ஐ வெச்சு ஓட்டுற வண்டிய மணல்ல 15க்கு எறக்கணும். டயர் அகலமாகும்னு எல்லாரும் நெனைக்கறாங்க, அது கொஞ்சந்தான், டயர் மணல்ல படியற நீளந்தான் ஜாஸ்தியாகும், தோசை மாதிரி பரவி வண்டி பாரத்த தாங்கி மேலயே நிக்கும். காத்து ஜாஸ்தியா இருந்தா டயர் உருளாது, தோண்டும். புதுசா வர்றவங்க எல்லாரும் "அண்ணா 22 வெச்சிருக்கேன், போதும்ல"ன்னு கேப்பாங்க, ரிம்முக்கு ஆயிருமோன்னு பயம். போதாதுங்க. 22 வெச்சுட்டு ஆக்சிலரேட்டர மிதிச்சு மிதிச்சு ஏத்தறவன் வண்டிதான் சீக்கிரம் கெட்டுப் போகும், 15 வெச்சவன் பாட்டு கேட்டுட்டு ஏறிப் போயிருவான்.

கூட்டமா போறப்ப இன்னொன்னு இருக்கு. ஒருத்தன் 15, ஒருத்தன் 18, ஒருத்தன் 25னு ஆளுக்கு ஒண்ணா வெச்சிருந்தா, முன்னாடி போறவன் சுலபமா ஏறுன மேட்டுல பின்னாடி வர்றவன் நின்னுருவான். முன்னாடி போறவனுக்கு மணல் எப்பிடி இருக்குன்னே தெரியாது, அவன் பாட்டுக்கு போயிட்டே இருப்பான். அதனால மணல்ல எறங்கறதுக்கு முன்னாடி ஒரே கேஜ எடுத்துட்டு ஒரே ஆள் எல்லா வண்டிக்கும் போயி பாக்கணும், அவங்கவங்க கேஜ நம்பக்கூடாது. நூறு ரூபா கேஜ் நாலு வாங்கினா நாலும் நாலு கணக்கு காட்டும்.

காத்து சரியா இருந்தும் சிக்குதுன்னா டிராக்ஷன் கண்ட்ரோல் ஆஃப் பண்ணியிருக்கானு பாருங்க. மணல்ல டயர் லேசா சுத்துனாலே அது எஞ்சின் பவர கொறச்சு விட்டுரும், மேட்டுல நடுவுல மூச்சு நின்ன மாதிரி ஆயிரும். சில வண்டியில பட்டன ஒரு தட்டு தட்டினா பாதிதான் ஆஃப் ஆகும், அமுக்கி புடிச்சுக்கணும். அப்பறம் நாலு வீலும் இழுக்கற ஃபோர் ஹையில இருக்கானும் பாருங்க, சிரிக்காதீங்க, ரெண்டு வீல்லயே அரை மணி நேரம் முக்கினவர் எங்க குரூப்ல இருக்காரு, பேர் சொல்ல மாட்டேன், எனக்கு மாமா முறை.

கண்ணூர் முழப்பிலங்காடு பீச்ல ஓட்டி பழகிட்டு வர்றோம்னு சிலர் சொல்றாங்க. நல்லதுதான், ஆனா அது நாலு கிலோமீட்டர் கெட்டி மணல், சாதா கார்கூட அதுல ஓடும். மேட்டுக்கு அது பழக்கம் ஆகாது.

பாதி மேட்டுல நின்னுருது

நின்ன உடனே கால எடுத்துருங்க. இன்னொரு மிதி மிதிச்சா ஏறிரும்னு மனசு சொல்லும், ஏறாது, அச்சு வரைக்கும் எறங்கிரும். ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்துலயே, ஸ்டியரிங்க ஆட்டாம நேரா கீழ வாங்க. எந்த காரணத்துக்கும் மேட்டு நடுவுல வண்டிய திருப்பாதீங்க, குறுக்கால நின்னா உருண்டுரும். நியூட்ரல்லயோ கிளட்ச் அமுக்கியோ எறங்கக் கூடாது, எஞ்சின்தான் புடிச்சுகிட்டு எறக்கணும்.

ஏன் நின்னுச்சுன்னு பாத்தா, முக்காவாசி நேரம் முன்னாடி வண்டி இன்னும் உச்சி தாண்டல, அவன் மேல எங்கடா மோதிருவமோன்னு இவன் வேகத்த கொறச்சுட்டான். மணல்ல ஒரு தடவ வேகம் போச்சுன்னா போச்சு, திரும்ப புடிக்க முடியாது. முன்னாடி வண்டி அந்தப்பக்கம் எறங்கி வாக்கி டாக்கியில "கிளியர்"னு சொல்றவரைக்கும் அடுத்த வண்டி கீழ சமதளத்துல நிக்கணும். இது ஒண்ணு கடைப்புடிச்சாலே பாதி தொல்லை தீந்துரும்.

எந்தப் பக்கத்துல ஏறறதுங்கறதும் இருக்கு. தார்ல பெருசா அடிக்கறது கோடையில வர்ற தென்மேற்கு காத்துதான், அதனால மெல்ல ஏறற கெட்டியான பக்கம் பெரும்பாலும் தென்மேற்குல இருக்கும், வடகிழக்கு பக்கம் மணல் தானா சரிஞ்சு கெடக்கும், சாய்வு 34 டிகிரி கிட்ட, மாவு மாதிரி. அந்த பக்கத்துல ஏறப் பாக்கறது வேஸ்ட், எறங்க மட்டுந்தான் அது. எறங்கறப்பவும் நேரா, சின்ன கியர்ல, பிரேக் தொடாம. வால் ஒரு பக்கமா இழுத்துச்சுன்னா பயந்து பிரேக் அமுக்காதீங்க, மூக்க கீழ திருப்பி லேசா ஆக்சிலரேட்டர் குடுங்க, நேராயிரும்.

அப்பறம் உச்சி வெயில். மத்தியானம் சூரியன் மேல ஏறிட்டா நிழல் கொறஞ்சுரும், எது மேடு எது பள்ளம்னு சட்டுன்னு கண்ணுக்கு தெரியாது, எல்லாம் ஒரே மஞ்ச தகடா தெரியும். காலையில குளுர்ல மணல் கொஞ்சம் இறுகியும் இருக்கும், சூடு ஏற ஏற இளகிரும். அதனால பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் நான் யாரையும் மேடு ஏத்தறதில்ல, சோறு பொங்கி சாப்புட்டு படுங்கன்னு சொல்லிருவேன்.

உச்சியில வயிறு தட்டி சீசா பலகை மாதிரி தொங்குது

உச்சியில பயந்து சீக்கிரமே கால எடுத்துட்டான்னா இது ஆகும். எடுக்காமயே விட்டான்னா அந்தப்பக்கம் பறந்து மூக்கு குத்தும், ஏர்பேக் வெடிக்கும், இடுப்பெலும்பு போகும், அதுக்கு தொங்கறதே மேல். உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கறப்ப கால தளத்தி, இருக்கற வேகத்துல வண்டி தானா மேல வந்து மெல்ல கவுந்து பாக்கணும்.

தொங்குச்சுன்னா உள்ள இருக்கறவங்க எறங்கிருங்க, எறங்கறது மேட்டுப்பக்கம், சரியற பக்கம் இல்ல. வண்டி மேல ஆள் ஏறி ஆட்டற வேலையெல்லாம் வேண்டாம். வயித்துக்கு அடியில இருக்கற மணல தோண்டி எடுக்கணும். நம்ம ஊர் மம்பட்டி இதுக்கு சரியா வராது, கைப்பிடி குறுக்க வந்து வண்டிக்கு அடியில போகாது, சின்ன ஷவல் ரெண்டு வெச்சுக்கங்க. தோண்டி முடிச்சு பின்னாடி வண்டியில கயிறு போட்டு வந்த பக்கமே இழுத்துருங்க. அதுக்குள்ள முன்னாடி போன ஆள் உச்சிக்கு அந்தப்பக்கம் நின்னு வேற குரூப் வண்டி ஏதும் ஏறி வருதானு பாத்துக்கணும். சாம் பக்கத்துல டூரிஸ்ட் ஜீப்பு ஓடிட்டே இருக்கும், அவங்க உங்களுக்காக வாக்கி வெச்சுட்டு வர மாட்டாங்க. ஆள் உசரத்துக்கு மேல குச்சி நட்டு ஆரஞ்சு கொடி எல்லா வண்டியிலயும் கட்டுங்க, கல்ஃப்ல அது இல்லாம மணல்ல எறங்கவே மாட்டோம். கட்சிக் கொடி வேண்டாம் சாமி.

மொத வளைவுலயே டயர் ரிம்ம விட்டு கழண்டுருச்சு

இது எனக்கே ஆனது. சாயங்காலம் ஹைவேல இருந்து நேரா கேம்புக்கு வந்து, காலையில லேட் ஆயிரும்னு அப்பவே எல்லாருக்கும் 15க்கு எறக்கி விட்டுட்டு படுத்தாச்சு, நல்ல வேலை முடிச்ச மாதிரி. ஓடி வந்த டயர் சூடா இருந்துச்சு, அதுல காட்டுன 15 அது. டிசம்பர் ராத்திரி அங்க பத்து டிகிரிக்கு கீழ போகும், காலையில அதே டயர்ல 11, 12தான் இருக்கும். நான் பாக்கவே இல்ல. வெடுக்குன்னு ஒரு திருப்பு திருப்பினேன், முன் டயர் பொதுக்குன்னு கழண்டுகிட்டு மணல வாரி உள்ள போட்டுக்கிச்சு. லீவாவுல அத்தனை வருஷம் ஓட்டுன ஆளு, எல்லாருக்கும் முன்னாடி. அதுல இருந்து காலையில டயர் குளுந்து இருக்கறப்பதான் அளக்கறது.

கழண்டா பண்ண வேண்டியது: ஜாக்கிக்கு அடியில ஒண்ணரை அடி பலகை போடுங்க, இல்லைன்னா ஜாக்கிதான் எறங்கும், வண்டி ஏறாது. ரிம் ஓரத்துல, டயர் உதட்டுல இருக்கற மணல துணியால தொடச்சு எடுங்க, ஒரு துளி மணல் இருந்தாலும் காத்து கசியும். டயரச் சுத்தி ராட்சட் பெல்ட் (சாமான் கட்டி இறுக்கற பட்டை) போட்டு இறுக்கினா உதடு ரெண்டும் வெளிய தள்ளும், அப்ப வால்வுக்குள்ள இருக்கற பின் ஊசிய கழட்டிட்டு காத்த விடுங்க, டப்பு டப்புன்னு சத்தம் கேட்டு உக்காந்துரும். பெட்ரோல் ஊத்தி பத்த வெச்சு ஏத்தற வீடியோவ பாத்துட்டு யாராவது லைட்டர எடுத்தா அந்தாள மொதல்ல வண்டியில உக்கார வெச்சு கதவ சாத்துங்க.

கடைசி வண்டிய காணோம்

காணாம போறது கடைசி வண்டி இல்லைங்க, நடுவுல ஒருத்தன் கண்ணாடிய பாக்கல. ஒவ்வொருத்தருக்கும் பின்னாடி வர்ற வண்டிதான் பொறுப்பு. கண்ணாடியில தெரியலைன்னா அடுத்த உச்சியில நிக்கணும், தெரியறவரைக்கும் நகரக் கூடாது. அவன் நின்னா அவனுக்கு முன்னாடி இருக்கறவனும் நிப்பான், அப்படியே சங்கிலி மாதிரி முன்னாடி வரைக்கும் வந்துரும், வாக்கி வேலை செய்யலைன்னாலும் இது வேலை செய்யும்.

வரிசையும் முக்கியம். புதுசா வந்தவர முன்னாடி போற வண்டிக்கு நேர் பின்னாடி போடுங்க, கடைசியில போடாதீங்க. அஞ்சு வண்டி உழுதுட்டு போன தடம் கடைசி ஆளுக்கு சேறு மாதிரிதான் இருக்கும். கடைசியில நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆள், கயிறு, ஷவல், கம்ப்ரசர் எல்லாம் அந்த வண்டியில. நாலாவது வண்டியில இருந்து தடத்த விட்டு அரை டயர் அகலம் தள்ளி ஓட்டச் சொல்லுங்க, புது மணல் கெட்டியா இருக்கும். நிக்கறதா இருந்தா மூக்கு கீழ பாத்த மாதிரி நிறுத்துங்க, பிரேக் அடிக்காம தானா உருண்டு நிக்கட்டும். பிரேக் அடிச்சா டயருக்கு முன்னாடி மணல் குவிஞ்சு கெளம்பறப்ப அதுவே தடையாயிரும்.

வாக்கியில சொல்றது ஒண்ணு, கேக்கறது ஒண்ணு

எங்க குரூப்ல பாதி தமிழ், பாதி மலையாளம். ஊர்ல டீக்கடையில இதனால ஒரு தகராறும் வந்ததில்ல, மணல்ல வந்துச்சு. உச்சிக்கு அந்தப்பக்கம் பள்ளம் மோசமா இருக்குன்னு மலையாளத்து ஏட்டன் (அண்ணன்) ஒருத்தர் "வரண்டா, வரண்டா"ங்கறாரு, வர வேண்டாம்னு அர்த்தம். கோபாலபுரத்து பையனுக்கு கொரகொர சத்தத்துல அது "வர்றேண்டா"ன்னு கேட்டுச்சு. சரி அண்ணன் திரும்பி வர்றாரு, வழி விடலாம்னு ஒதுங்கினான், ஒதுங்கின எடம் மாவு மணல், அச்சு வரைக்கும் எறங்கிருச்சு. அத எடுக்கறப்ப இன்னொரு ஏட்டன் "போரட்டே போரட்டே"ங்கறாரு, அவங்க பாஷையில வரட்டும் வரட்டும்னு கூப்பிடறது, இவன் போகட்டும்னு எடுத்துகிட்டு ரிவர்ஸ் போட்டுட்டான். அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் அங்கயேதான்.

இப்ப கிளியர், ஸ்டாப், ஸ்டக், வெயிட், ரிவர்ஸ், இந்த அஞ்சு வார்த்தைதான். பேர் கெடையாது, வண்டி நம்பர், ஒண்ணு ரெண்டு மூணு. மேடு ஏறறப்ப அரட்டை கெடையாது, பாட்டு வைக்கறது கெடையாது. வாக்கி வாங்கறப்ப லைசென்ஸ் தேவையில்லாத வகைதானானு பாத்து வாங்குங்க. கல்ஃப்ல இருந்து கொண்டு வந்த சாட்டிலைட் போன பேக்ல போட்டுட்டு வராதீங்க, தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம அத இங்க வெச்சிருக்கறதே குத்தம், அதுவும் பாகிஸ்தான் எல்லை பக்கத்துல. நம்ம கேரளா எல்லை வேலந்தாவளம் செக்போஸ்ட் மாதிரி நெனைச்சுட்டு எல்லைப்பக்க கிராமத்துக்கெல்லாம் விட்டு அடிக்கவும் கூடாது, சில எடத்துக்கு முன்கூட்டி அனுமதி வாங்கணும். பக்கத்துலயே டெசர்ட் நேஷனல் பார்க், 3162 சதுர கிலோமீட்டர், கானமயில் தரையில முட்டை வைக்கற எடம், அதுக்குள்ள வண்டிய விட்டு வெளையாடற நெனைப்பே வேண்டாம். உள்ளூர் ஆள் ஒருத்தர கூலி குடுத்து கூட உக்கார வெச்சுக்கங்க, எங்க போகலாம் எங்க போகக் கூடாதுன்னு அவருக்குத்தான் தெரியும்.

கயிறு கட்டி இழுக்கறப்ப அறுந்துருது, இல்லைன்னா கொக்கி பிச்சுக்குது

லாரி கயிறு, இரும்புச் சங்கிலி, ரெண்டையும் வீட்டுலயே வெச்சுட்டு வாங்க. சங்கிலி நீளாது, வெடுக்குன்னு இழுத்தா எங்கயாவது பிச்சுக்கும். இழுபடற நைலான் ரெக்கவரி கயிறு வாங்குங்க, அது ரப்பர் மாதிரி நீண்டு மெல்ல வெளிய எடுக்கும். மாட்டறது சேஸிஸ்ல இழுக்கறதுக்குன்னே இருக்கற ரெக்கவரி பாயிண்ட்ல. டிரெய்லர் மாட்டற குண்டுல மாட்டவே மாட்டாதீங்க, அது பிச்சுகிட்டு வந்தா துப்பாக்கி குண்டு மாதிரி, ஆள் செத்திருக்காங்க. ரெண்டு கயித்த நடுவுல இரும்பு ஷேக்கிள் வளையம் போட்டு சேக்கறதும் அதே கதைதான். இழுக்கறப்ப ஓட்டுற ரெண்டு பேர தவிர மத்தவங்க கயிறு நீளத்துல ஒண்ணரை மடங்கு தள்ளி நிக்கணும், போன்ல வீடியோ எடுக்கறவங்களும்தான்.

ஆனா கயிறு கடைசிதான். மொதல்ல டயருக்கு முன்னாடி பின்னாடி மணல எடுங்க, காத்த இன்னும் ரெண்டு மூணு பிஎஸ்ஐ எறக்குங்க, டயருக்கு அடியில எதையாவது போடுங்க. பிளாஸ்டிக் சாண்ட் போர்டு ஜோடி ஆயிரக்கணக்குல விக்குது, நாங்க பொள்ளாச்சி மில்லுல இருந்து தடி தென்னை நார் பாய் நாலு கொண்டு போறோம், நல்லாவே புடிக்குது. டயர் அத பின்னாடி பிச்சு எறியும், அங்க யாரும் நிக்காதீங்க, அவ்வளவுதான்.

சூடு ஏறுது, கருகல் வாசம் வருது

கருகல் வாசம் ரெண்டு வகை. பிரேக் லைனர் மாதிரி காரமா வந்தா கிளட்ச், பாதி கிளட்ச்ல வெச்சு முக்கறீங்க, விட்டுட்டு ஆற வைங்க. புல் எரியற வாசம் வந்தா உடனே நிறுத்தி அடியில பாருங்க, அங்க சேவண் புல் காஞ்சு கெடக்கும், சைலன்சர் சூட்டுல மாட்டிகிட்டு பத்திக்கும். தீயணைப்பு சிலிண்டர் டிரைவர் கைக்கு எட்டற தூரத்துல இருக்கணும், சாமானுக்கு அடியில இல்ல. டெம்பரேச்சர் முள்ளு ஏறுச்சுன்னா ஏசிய அமத்தி, மூக்க காத்துக்கு எதிரா திருப்பி ஐடில்ல விடுங்க, ரேடியேட்டர் மூடிய தொடாதீங்க. டீசல் ரோட்டுல குடிக்கறத விட ரெட்டிப்பா குடிக்கும், ஜெய்சல்மேர்லயே டாங்க ரொப்பிக்கங்க.

ஆறு மணிக்கு கெளம்பறதா பிளான், எட்டு ஆனாலும் கெளம்பல

மொதல் வருஷம் எனக்கு இது புரியவே இல்ல. நம்ம பக்கம் டிசம்பர்ல ஆறரைக்கு வெளிச்சம் வந்துரும், அங்க மேக்கால ஓரத்துல இருக்கறதால ஏழு தாண்டித்தான் சூரியனே வரும். ஆறு மணிக்கு எழுப்பினா இருட்டுல குளுர்ல எவனும் டெண்ட விட்டு வர மாட்டான். கொழிஞ்சாம்பாறை ஆளுங்க ஊர்ல கள்ளு குடிச்ச ஞாபகத்துல ராத்திரி வேற எதையாவது வாங்கிட்டு வந்து உக்காந்துட்டா ஒன்பதும் ஆகும், அப்பிடி உக்காந்த ஆள் சாவி அன்னிக்கு என் பாக்கெட்லதான் இருக்கும். ஏழரைக்கு டயர் அளக்கறது, எட்டுக்கு மொத வண்டி மணல்ல, அதுக்கு ஏத்த மாதிரி டீய போடச் சொல்லுங்க.

திரும்பி ரோட்டுக்கு வந்து காத்து அடிக்கறப்ப கம்ப்ரசர் செத்துருச்சு

சிகரெட் லைட்டர் பாயிண்ட்ல சொருகியிருப்பீங்க, ஃபியூஸ் போயிருக்கும். பேட்டரியில கிளிப் போடற மாதிரி கம்ப்ரசர் வாங்குங்க, எஞ்சின ஓட விட்டுட்டு அடிங்க, ரெண்டு டயருக்கு ஒரு தடவ ஆற வைங்க. ஆறு வண்டிக்கு ஒரே கம்ப்ரசர்னா இருட்டிரும், ரெண்டாவது வேணும். காத்து அடிக்காம 15லயே ஜெய்சல்மேர் வரைக்கும் மெதுவா போயிரலாம்னு ஒருத்தர் கேப்பாரு, மெதுவா யாரும் போறதில்ல, தார் ரோட்டுல சூடாகி டயர் பக்கவாட்டுல வெடிச்சுரும். அவரோட வண்டிக்கே மொதல்ல அடிச்சு விட்டுருங்க.